கடலில் முறிந்த முதுகு

தண்ணீரில் கிடந்தபோது நான் முதலில் கவனித்தது, என் கால்கள் உதைக்கவில்லை என்பதைத்தான். கைகள் அடித்துக்கொண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. வலி அப்போது இல்லை. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்; சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிணறுகளில் குதித்து வளர்ந்தவன். காலை உதை, உதை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் கேட்கவில்லை.

"காலை அடியும் வே" என்று பக்கத்தில் டேனியல் சார் கத்தினார்.

"அடிக்கத்தான் செய்யுதேன் சார்" என்றேன்.

அவர் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு மேலே வந்தார். தாம் போட்டிருந்த காற்று ஜாக்கெட்டைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். எங்களிடம் இரண்டு இருந்தன. மற்றொன்று விமானத்தோடு கீழே போய்விட்டது.

முதுகெலும்பு முறிந்து மாவுக்கட்டில் படுத்திருக்கும் யாராவது, அல்லது அவரைப் பார்த்துக்கொள்ளும் யாராவது, இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். எனக்கு அப்படிப் படிக்க எதுவும் அப்போது கிடைக்கவில்லை. டாக்டர்கள் எலும்பைப் பற்றிச் சொன்னார்கள். படுத்திருப்பவன் ஒரு பகலை எப்படிக் கடத்துவது என்று சொல்ல ஆள் இல்லை.

சுதந்திரம் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. யுத்த காலத்தில் விமானப்படையில் சேர்ந்து எஞ்சின் வேலை கற்றேன். படையை விட்டு வந்தபின் மதுரையில் ஒரு முதலாளியின் சிறிய விமானத்தைப் பராமரிக்கும் மெக்கானிக் ஆனேன். ஒற்றை எஞ்சின், அருகருகே இரண்டு இருக்கை, துணி போர்த்திய இறக்கை. டேனியல் சார்தான் அதன் பைலட். பாளையங்கோட்டைக்காரர்; யுத்தத்தில் பறந்தவர்; என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். முதலாளி அந்த விமானத்தை இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டக்காரருக்கு விற்றார். கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுக் கப்பலும் ரயிலுமாகத் திரும்புவது எங்கள் ஏற்பாடு.

அன்று காலை விமானத் திடலுக்கு வெளியே டீ குடித்தது எனக்கு நினைவிருக்கிறது. கிளாசின் விளிம்பு உடைந்திருந்தது. திருப்பிப் பிடித்துக் குடித்தேன். அடுத்த நினைவு கடல்தான். இடையில் இருந்த நேரம் இன்றுவரை திரும்பி வரவில்லை. தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு அடிக்கு முந்தைய சில மணி நேரம் இப்படி அழிந்துபோவது உண்டாம். டாக்டர்கள் அதற்கு அம்னீசியா (நினைவு அழிதல்) என்று பெயர் சொன்னார்கள்.

ஆகவே நடந்ததை டேனியல் சார் சொல்லித்தான் அறிவேன். கரையைத் தாண்டிச் சில மைல் போனதும் எஞ்சின் இரண்டு முறை இருமியது. மறுபடி பிடித்துக்கொண்டது. பிறகு நின்றேவிட்டது. நான் பெட்ரோலை ஒரு டாங்கியிலிருந்து மறு டாங்கிக்கு மாற்றினேனாம். கைப்பம்பை அடித்தேனாம். "மூஞ்சியில ஒரு பயமும் இல்ல வே உமக்கு. பட்டறையில உக்காந்து வேலை பாக்க மாதிரி பாத்தீரு" என்று பிற்பாடு சொன்னார். இரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் விமானத்தை அலைக்கு இணையாகத் திருப்பி, முடிந்த அளவு மெதுவாகத்தான் இறக்கினார். ஆனால் சக்கரங்கள் மடங்காத விமானம் அது. சக்கரம் தண்ணீரில் இடறியதும் மூக்குக் குத்தித் தலைகீழாகக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த என்னை அவர்தான் அவிழ்த்து இழுத்திருக்கிறார். விமானம் வாலை மட்டும் மேலே காட்டிச் சிறிது நேரம் மிதந்து, அப்புறம் மூழ்கியது.

ஒரு மீன்பிடி வள்ளம் வந்தது. அதில் நான்கு பேர். என்னைத் தோளில் தூக்கிப் போடப் போனவர்களை டேனியல் சார் தடுத்தார். "மடக்காதீங்க, மடக்காதீங்க" என்று கும்பிட்டார். அவர்களில் மூத்தவர் புரிந்துகொண்டு வள்ளத்தின் உட்காரும் பலகை ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் இறக்கினார். அதில் கிடத்தி, வலைக்கயிற்றால் கட்டி, நேராகவே ஏற்றினார்கள். அந்தப் பலகையோடுதான் ராமநாதபுரம் வந்தேன். அதே பலகையோடு மதுரை ஆஸ்பத்திரிக்கும் போனேன். நீளமான தாழ்வாரம் ஒன்றில் என்னைக் கீழே வைத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்ற டேனியல் சாரின் வலது கை துணியில் கட்டித் தொங்குவதைப் பார்த்தேன். காறையெலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள எலும்பு) முறிந்திருந்தது. அந்தக் கையோடுதான் என்னைப் பிடித்திருந்தார்.

எக்ஸ்ரே பார்த்த சர்ஜன் அதிகம் பேசாத மனிதர். முதல் லம்பார் எலும்பு (விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள முதுகெலும்புத் துண்டு) முன்பக்கம் நசுங்கியிருக்கிறது என்றார். தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி) அறுந்ததாகத் தெரியவில்லை, அதிர்ந்திருக்கலாம் என்றார்.

"நடப்பேனா?" என்றேன்.

"ஆறு வாரம் கழிச்சுக் கேளுங்க. இப்ப நான் எதைச் சொன்னாலும் பொய்யாத்தான் இருக்கும்."

அப்போது அந்தப் பதில் கொடூரமாகத் தெரிந்தது. பின்னர் பலர் என்னிடம் பலவாறாக ஆறுதல் சொன்னார்கள். அவற்றில் ஒன்றுகூட இந்தப் பதில் அளவுக்கு என்னைத் தாங்கவில்லை.

கோமதியும் என் அண்ணன் வேலுச்சாமியும் மறுநாள் வந்தார்கள். கோமதி என் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். அண்ணன் சங்கரன்கோவிலுக்கு வெளியே பருத்தியும் மிளகாயும் போடுகிறவன். அவன் என் கால் பெருவிரலைக் கிள்ளிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாததால் பலமாகக் கிள்ளினான். பிறகு வராந்தாவுக்குப் போய்விட்டான். கோமதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வலிக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வலித்தால் நன்றாக இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

முதல் மூன்று வாரம் முதுகைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை. நுரையீரலுக்குள் போன கடல் தண்ணீர் நிமோனியாவாக (நுரையீரல் அழற்சி) மாறியது. பென்சிலின் ஊசி நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. சிறுநீர் தானாகப் பிரியவில்லை. கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் ரப்பர்க் குழாய்) போட்டார்கள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் முதுகெலும்பு நோயாளி முதலில் இழப்பது நடையை அல்ல, இந்த அந்தரங்கத்தைத்தான். தன் உடம்பின் அழுக்கைத் தானே அகற்றிக்கொள்ளும் உரிமை போய்விடுகிறது. அதற்கு வெட்கப்பட்டு நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதனால் சிறுநீரில் சீழ் வந்து, இன்னொரு காய்ச்சல் சேர்ந்தது. வெட்கத்துக்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

அந்தக் காய்ச்சல் இறங்கிய வாரத்தில் மெட்ராஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். விபத்துக்கு முந்தைய நாள் மதுரையில் கோடை மழை பெய்திருந்தது. விமானம் வெட்டவெளியில் நின்றது. டாங்கிகளில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். புறப்படும் முன் ஒவ்வொரு டாங்கியின் அடியிலும் சிறிது பெட்ரோலை வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது.

அதிகாரி டேனியல் சாரின் வாக்குமூலத்தை வாசித்தார். 'மெக்கானிக் இரண்டு டாங்கியையும் வடித்துப் பார்த்தார். நான் அருகில் நின்று பார்த்தேன்.'

"இது சரிதானா?" என்றார்.

"சரி" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகுதான், எனக்கு நினைவே இல்லாத ஒன்றுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது.

மே மாதக் கடைசியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். உயரம் குறைந்த மேஜை ஒன்றில் என் தொடைகளும், உயரமான மேஜை ஒன்றில் என் கைகளும் தாடையும் இருக்க, குப்புறக் கிடத்தினார்கள். நடுவில் ஒன்றுமில்லை. வயிறு தொங்கியது. முதுகு பின்பக்கம் வளைந்து, நசுங்கிய எலும்பு விரிய வேண்டும் என்பதற்காக அப்படி. மார்பு முதல் இடுப்பின் அடிவரை ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே வந்தார்கள். காயும்போது அது சூடாகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெந்துவிடுவேன் என்று பயந்தேன். அரை மணி நேரத்தில் அது ஆறிவிடும். பிறகு குளிரும். இரண்டும் வழக்கம்தான்.

சர்ஜன் சொன்ன ஆறு வாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இடது கால் கட்டைவிரல் அசைந்தது. எனக்குத் தெரியாது. கோமதிதான் பார்த்தாள்.

"திரும்ப ஆட்டுங்க."

"எதை?"

"இப்ப ஆட்டினியள்ளா, அதை."

நான் முயன்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள். மறுபடி அசைந்ததும் எழுந்து போய் நர்சைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சர்ஜன் வந்து ஊசி முனையால் பாதம் முழுக்கத் தொட்டுப் பார்த்தார். "இனி கேக்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் ஊருக்கு வந்தேன். விருதுநகரில் வண்டி மாறி, சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அண்ணனும் அவன் வயலில் வேலை பார்க்கும் மூன்று பேரும் என்னை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். வாசல் வழியாகக் கட்டு திரும்பவில்லை. "ஏலே, முட்டிக்காத, தலையைக் குனி" என்றான் அண்ணன். குனிய முடியாது என்பதை அவன் மறந்துவிட்டான். நாலு பேரும் சிரித்தார்கள். அந்த மாதங்களில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது.

மாவுக்கட்டுக்குள் இருக்கும் ஒருவனுக்கு உலகத்திலேயே பெரிய விஷயம் அரிப்பு. கோமதி தென்னை ஈர்க்குச்சியின் முனையில் துணி சுற்றி உள்ளே விட்டுச் சொறிந்து தருவாள். வெறும் குச்சியை விடக்கூடாது; கீறினால் உள்ளே புண் வைத்து நாறும். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தாள். குதிகாலுக்கு அடியில் பஞ்சு வைக்க வேண்டும்; உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப்புண் (ஒரே இடத்தில் அழுந்தித் தோல் அழுகுவது) சத்தமில்லாமல் வரும். எனக்கு வலது குதிகாலில் வந்தது. ஆற ஏழு வாரம் ஆயிற்று.

நோய் தீரும் என்று அவள் கோவிலிலிருந்து சிவந்த புற்றுமண் கொண்டுவந்தாள். கட்டுக்குள் பூச வேண்டும் என்பது அவள் விருப்பம். ஊர் டாக்டர் வந்திருந்தபோது அவரிடமே கேட்டாள்.

"கால் விரல்ல பூசுங்கம்மா. நெத்தியில பூசுங்க. கட்டுக்குள்ள மட்டும் விடாதீங்க" என்றார் அவர். அப்படியே செய்தாள். விரல்கள் காலையில் சிவப்பாக இருக்கும். அதைப் பார்க்கிறபோது அவை என்னுடையவை என்று நம்பச் சற்று எளிதாக இருந்தது.

ஆடி பிறந்தது. கோவிலில் அம்மனின் தபசுத் திருவிழா பார்க்கப் போகும் கூட்டம் எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. கோமதி அந்த வருஷம் போகவில்லை. அந்த வாரத்தில்தான் ஒரு நாள் அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்க. தண்ணி, காத்து, தலகாணி, எல்லாத்தையும் சேத்துச் சொல்லாதிய" என்றாள். குரல் உயரவில்லை. அவள் எவ்வளவு மெலிந்திருந்தாள் என்று அப்போதுதான் பார்த்தேன். கட்டிலில் கிடப்பவனுக்குத் தன் உடம்பைத் தவிர எதுவும் கண்ணில் படுவதில்லை.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது அண்ணனைத் தனியே கூப்பிடாமல், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த வீட்டுல நோயாளி ரெண்டு பேரு. ஒருத்தரைத்தான் எனக்குக் காட்டியிருக்கிய."

கோமதி பத்து நாள் வாசுதேவநல்லூருக்குப் போனாள். போகமாட்டேன் என்றவளை அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட்டான். அவள் திரும்ப மாட்டாள் என்று முதல் மூன்று நாள் நான் நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். அண்ணன் என்னைத் துடைத்தான், திருப்பினான், மலம் அள்ளினான். நான் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன்.

"ஏலே, சின்னதுல உன்னைக் கழுவி விட்டவன்தானே நான். சும்மா கெட."

"அப்ப எனக்கு ரெண்டு வயசுண்ணே."

"இப்ப மட்டும் என்ன, எந்திரிச்சு ஓடவா போற?"

பதினோராம் நாள் கோமதி வந்தாள். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். ஒரு நாள் தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். "தூங்கிட்டேன்" என்றாள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களை எப்படியாவது சில நாள் அனுப்பி வையுங்கள். திரும்பி வருகிறவர் போனவரைவிட நல்ல துணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அரிசி மில். அதன் ஆயில் எஞ்சின் பகல் முழுக்க ஓடும். ஓடும்போது எனக்கு ஒன்றுமில்லை. அது நின்றால் உடம்பு விறைத்துவிடும். வேர்வை கொட்டும். இரண்டு கையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். விழுந்ததே எனக்கு நினைவில்லாதபோது உடம்பு எதை நினைத்துப் பயந்தது என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியல. ஆனா நீங்க சொல்லுதது நிஜம்னு தெரியுது" என்றார். மருந்து இல்லாத இடத்தில் அதுவும் ஒரு மருந்துதான். மில்காரர் நல்லவர். எஞ்சினை நிறுத்தும் முன் எங்கள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி ஏற்பாடு செய்தார். தட்டினால் பயம் பாதியாகும்.

ஆவணியில் டேனியல் சார் வந்தார். காறையெலும்பு கூடியிருந்தது, ஒரு தோள் தாழ்ந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்தார். கோமதி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் மூன்று மாதமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"நான் டாங்கியை வடிச்சதை நீங்க பாத்தீங்களா சார்?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

"பாக்கல."

"பிறகு ஏன் அப்படி எழுதினீங்க?"

"நீரு செய்யாம இருக்க மாட்டீரு வே. மூணு வருஷமாப் பாக்கேன்லா."

"அது நம்பிக்கை சார். பாத்தது இல்ல."

"சரி. பாத்தது இல்லதான்." காலி டம்ளரைக் கீழே வைத்தார். "நீரு அங்கன உயிருக்குப் போராடிக்கிட்டு கெடக்கீரு. அந்த ஆளு பேனாவைத் தொறந்து வச்சிக்கிட்டு கேக்கான். நான் வேற என்ன சொல்ல? அப்புறம் இன்னொன்னு. வடிச்சாச்சான்னு உம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நான் ஏறணும். அன்னைக்குக் கேக்கல. மேப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன். அதை எழுதினா என் லைசன்ஸ் போவும்னு எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வரவில்லை. முறிந்த எலும்போடு என்னைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆனால் நான் சொன்ன 'சரி' கட்டுக்குள் நுழைந்த எறும்புபோல மூன்று மாதமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"நான் சரின்னு சொன்னது தப்பு. எனக்கு நினைவில்லன்னு எழுதப் போறேன் சார்" என்றேன். "உங்களைப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேன்."

"அது எப்படி? நீரு நினைவில்லன்னு எழுதினா, பாத்தேன்னு சொன்ன நான் மட்டும் நிப்பேன்." எழுந்து ஜன்னலருகே போனார். தெருவில் நெசவாளர்கள் பாவு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எழுதும். நானும் எழுதுதேன். ஒரே கவர்ல போட்டுருவோம்."

படுத்தபடி எழுத முடியாததால் நான் சொல்ல அவரே எழுதினார். என் கடிதம் நான்கு வரி. அவருடையது ஒரு பக்கம். எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தபாலில் போட அவரே கொண்டுபோனார். வாசலில் கோமதியிடம், "உங்க வீட்டுக்காரரு பொல்லாதவரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதில் வர மாதங்கள் ஆயின. விமானம் கடலடியில் இருப்பதால் எஞ்சின் நின்ற காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று எழுதியிருந்தது. இருவர் லைசன்சும் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்பட்டன. டேனியல் சார் அது முடிந்ததும் வடக்கே போய்ப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுவார். நான் திரும்பப் போகவில்லை. அன்று காலை நான் டாங்கியின் வடிகுழாயைத் திறந்தேனா என்பது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாது என்று எழுதிக்கொடுத்த பிறகு அதோடு வாழ முடிந்தது. அதற்கு முன்னால் முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் மாவுக்கட்டை வெட்டினார்கள். மதுரைக்குப் போய், பெரிய கத்தரியால். உள்ளேயிருந்து வந்த வாடையில் கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோல் பாம்புச் சட்டைபோல உரிந்தது. நான்கு மாதமாக விடுதலையைக் கனவு கண்டவனுக்கு, கட்டுப் போனதும் வந்தது பயம். என்னை யாரோ ஆமையோட்டிலிருந்து பிடுங்கிவிட்டதுபோல் இருந்தது. தும்மினால் ஒடிந்துவிடுவேன் என்று தோன்றியது. இது எல்லோருக்கும் வரும் என்றார் சர்ஜன். வந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

முதல் நாள் உட்கார்ந்ததும் மயங்கினேன். நான்காம் நாள் நின்றேன். வீட்டு முற்றத்தில் அண்ணன் இரண்டு மூங்கில்களை இடுப்பு உயரத்தில் கட்டித்தந்தான். அவற்றைப் பிடித்து நடக்கப் பத்தடி. அந்தப் பத்தடிக்குத் தீபாவளி தாண்டிப் பொங்கல் வந்துவிட்டது. வலது காலுக்கு உயிர் திரும்பிவிட்டது. இடது காலில் பாதம் மட்டும் தூக்க வரவில்லை. கல்லில் விரல் இடறும். ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவர், செருப்பு முனையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு தோல்வார் வைத்துக் கொடுத்தார். பாதம் தொங்காமல் அது பிடித்துக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த இரும்புச் சட்டத்தைவிட அதுதான் எனக்கு ஒத்துவந்தது.

பிறகு கிணற்று எஞ்சின்களைப் பழுது பார்க்கத் தொடங்கினேன். ராயகிரி வரைக்கும் போவேன். எஞ்சினை நிறுத்துவது என் கையில் இருப்பதால் அந்த விறைப்பு மெல்லக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

நோய் முடிந்த நாள் எது என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சல் இறங்கிய நாளா, விரல் அசைந்த நாளா, கட்டு வெட்டிய நாளா? நான் சொல்லும் நாள் வேறு.

நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து கோமதி என் இடது பக்கத்தில்தான் வருவாள், அரை அடி பின்னால். நான் எட்டு வைத்த பிறகுதான் அவள் எட்டு வைப்பாள். வேகமாக நடக்கிற பெண் அவள். கல்யாணமான புதிதில் நான்தான் பின்தங்குவேன். என் காலுக்கேற்பத் தன் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் நடந்தாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவளுக்குப் புடவை எடுக்க ரத வீதிக்குப் போனோம். சந்தை நாள், நல்ல கூட்டம். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த அவள் தோழி ஒருத்தி எதிரே வந்து, நின்று பேசிவிட்டுப் போனாள். ஏதோ நல்ல சேதி. கோமதி முகம் மலர்ந்து, அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். அவள் முதுகையும் ஆடும் பின்னலையும் நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக அவளைப் பின்னாலிருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஆட்கள் புகுந்து போனார்கள். ஒரு மாட்டுவண்டி போனது. அவள் நூறு அடி தள்ளிப் போய்விட்டாள். என்னை மறந்துவிட்டாள்.

கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் நின்றேன். இடுப்பில் வழக்கமான வலி இருந்தது. இடது பாதம் வாரில் தொங்கியது. நான் குணமாகிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முனையில் திரும்பும் முன் அவள் நின்று பார்த்தாள். கையை நெற்றிக்கு மேலே வைத்துக் கூட்டத்தில் தேடினாள். கண்டதும் பதறவில்லை, ஓடி வரவும் இல்லை.

"ஏன் அங்கனயே நிக்கிய? கடை அடைச்சுருவான், வாங்க" என்றாள்.

நடந்தேன். அந்த நூறு அடிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணவில்லை.